பிள்ளைக்கு பூஸ்டர் சீட் எப்போது, எதுவரை? காரில் போகும் குழந்தைகளுக்கான விதி

காரில் 14 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, இரண்டாவது உட்பிரிவு இதைச் சொல்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அபராதத் தொகைகளைப் புதிய சட்டத்துக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது 2022 அக்டோபரில். சென்னையில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரிய வந்ததே அப்போதுதான்.

அபராதம் யாருக்கு? ஓட்டுபவருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வண்டியை ஓட்டச் சொன்னவர், ஓட்ட அனுமதித்தவர் ஆகியோரையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. சம்பளத்துக்கு டிரைவர் வைத்துக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்தபடி பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவும் இதில் அடக்கம்.

பின் சீட்டுக்கு பெல்ட் வேண்டாம் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. பெல்ட் பொருத்திய வண்டியில், முன்னோக்கிய பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-வது விதி எப்போதோ சொல்லிவிட்டது. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் விபத்தில் இறந்தபோது இருந்தது பின் சீட்டில்தான், பெல்ட் போடாமல். அந்தக் காரில் முன் சீட்டில் இருந்த இருவர் உயிர் பிழைத்தார்கள்.

சரி, சட்டம் இவ்வளவுதான். கவனித்துப் பார்த்தால் இதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. "பெல்ட்டோ பாதுகாப்பு இருக்கையோ" என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். எந்த வயதுக்கு எது, எந்த உயரத்துக்கு எது என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. 5 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டால் சட்டப்படி உங்கள் கடமை முடிந்தது, அபராதம் வராது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்த பெல்ட் சரியாகப் பொருந்தியிருக்காது, பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் வேண்டியிருப்பது அதனால்தான். அதைக் கவனிக்கும் பொறுப்பு பெற்றவர்களிடம்தான் விடப்பட்டிருக்கிறது.

பெல்ட் ஏன் பொருந்தாது?

கார் பெல்ட் பெரியவர்களின் உடம்பை வைத்து வடிவமைக்கப்பட்டது. மோதல் நடக்கும்போது அதன் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டும், மேல்பட்டை தோளெலும்பையும் நெஞ்செலும்பையும் பிடிக்க வேண்டும். உடம்பில் அந்த விசையைத் தாங்கக்கூடிய இடங்கள் அவைதான்.

சின்னப் பிள்ளைக்கு இடுப்பெலும்பின் முன்முனை இன்னும் சரியாக உருவாகியிருக்காது. பட்டை அதில் தங்காமல் மேலே ஏறிவிடும். போதாததற்கு கார் சீட் பிள்ளையின் தொடையைவிட நீளம். முட்டி மடங்காது, கால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அது வலிப்பதால் பிள்ளை மெல்ல முன்னே சறுக்கி, கால் மடங்கும் இடத்துக்கு வந்துவிடும். அடுத்த முறை பின்னால் திரும்பிப் பார்க்கும்போது கவனியுங்கள், 6 வயதுப் பிள்ளை சீட்டின் விளிம்பில்தான் இருக்கும். அப்படிச் சறுக்கியவுடன் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வந்துவிடுகிறது, மேல்பட்டை கழுத்தை உரசுகிறது. கழுத்தில் உரசினால் பிள்ளை சும்மா இருக்குமா? பட்டையை எடுத்து அக்குளுக்குக் கீழேயோ முதுகுக்குப் பின்னாலேயோ போட்டுக்கொள்ளும். பல பெற்றோர்களே அப்படிப் போட்டுவிடுகிறார்கள், பிள்ளைக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

இந்த நிலையில் வண்டி மோதினால் மொத்த விசையும் வயிற்றில் இறங்குகிறது. குடல் கிழிவது, கீழ் முதுகெலும்பு முறிவது என்று பெல்ட்டாலேயே வரும் காயங்களை மருத்துவர்கள் தனி வகையாகவே பதிவு செய்திருக்கிறார்கள். இதற்காக பெல்ட்டே போடாமல் விட்டுவிடக் கூடாது. பொருந்தாத பெல்ட்டும் பெல்ட் இல்லாததைவிட மேல். ஆனால் பிள்ளையைச் சில அங்குலம் உயர்த்தி உட்கார வைத்தால் அதே பெல்ட் சரியான எலும்புகளின் மேல் போய் உட்காரும். பூஸ்டர் சீட் செய்வது அவ்வளவுதான். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு வெறும் பெல்ட்டோடு ஒப்பிட்டால் பூஸ்டர் பலத்த காயத்தின் அபாயத்தை 45 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வு கண்டிருக்கிறது.

"மடியில் இறுக்கிப் பிடிச்சுக்கிறேன், என் கைக்கு மேல என்ன பாதுகாப்பு?" என்று பாட்டிகள் கேட்பார்கள். பாசத்தில் கேட்பதுதான், கோபித்துக்கொள்ள வேண்டாம். கணக்கைச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உள்ளே இருப்பவரின் மேல் அவருடைய எடையைப் போல 14 மடங்கு விசை விழுகிறது. 12 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 170 கிலோ. எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. பாட்டி பெல்ட் போடவில்லை என்றால் அவருடைய எடையும் சேர்ந்து குழந்தையின் மேல்தான் விழும்.

எந்தக் கட்டத்தில் எது?

பிறந்ததிலிருந்து பூஸ்டருக்கு முன்பு இரண்டு கட்டங்கள் உண்டு. கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய சீட். குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்த்திருக்கும். ஐரோப்பாவின் ஆர்129 தரம் குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் வைக்கச் சொல்கிறது. சீட் அனுமதிக்கும் எடை வரை நீட்டித்தால் இன்னும் நல்லது. இந்தச் சீட்டை ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகத்தில் சீட்டின் முதுகில் அடித்துக் குழந்தையின் உயிரையே எடுத்துவிடும். அப்புறம் முன்னோக்கிய சீட், இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடு என்று பிடிக்கும் ஐந்து முனைப் பட்டைகள் அதிலேயே இருக்கும். பெரும்பாலும் 18 கிலோ வரை வரும்.

அந்தச் சீட்டின் எடையையோ உயரத்தையோ பிள்ளை தாண்டிய பிறகுதான் பூஸ்டர். 15 கிலோவிலிருந்தே உட்காரலாம் என்று பல பூஸ்டர்களின் லேபிளில் இருக்கும். ஆனாலும் அவசரப்பட வேண்டாம் என்பேன். ஐந்து முனைப் பட்டை இருக்கும் சீட் இன்னும் பொருந்துகிறது என்றால் அதிலேயே இருக்கட்டும். பூஸ்டரில் பிள்ளையைப் பிடித்திருப்பது காரின் பெல்ட் மட்டும்தான். குனிந்து பொம்மை எடுக்காமல், பெல்ட்டை அவிழ்க்காமல், வழி முழுக்க ஒழுங்காக உட்காரும் பக்குவம் வேண்டும். 4 வயதுக்கு முன் அதை எதிர்பார்க்க முடியாது.

முதுகுச் சாய்வு உள்ள பூஸ்டர், வெறும் மணை போன்ற பூஸ்டர் என்று இரண்டு வகை. சின்னப் பிள்ளைக்கு முதுகுள்ளதுதான் சரி. திருப்பதிக்கோ பாண்டிச்சேரிக்கோ கிளம்பினால் பாதி வழியில் பிள்ளை தூங்கிவிடும். தலை பக்கவாட்டில் சாயும்போது சாய்வின் இருபுறமும் நீட்டியிருக்கும் சிறகுகள்தான் தாங்கிப் பிடிக்கும், பெல்ட்டின் மேல்பட்டையும் நகராமல் இருக்கும். மணை மட்டும் உள்ள புது மாடல்களை 125 சென்டிமீட்டருக்கும் 22 கிலோவுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே என்று ஐரோப்பிய விதி 2017-ல் கட்டுப்படுத்திவிட்டது.

எப்போது நிறுத்துவது? வயதைக் கேட்காதீர்கள், உயரத்தை அளந்து பாருங்கள். அமெரிக்காவில் 4 அடி 9 அங்குலம், அதாவது 145 சென்டிமீட்டர் என்கிறார்கள். பிரிட்டனில் 135 சென்டிமீட்டர் அல்லது 12 வயது, எது முன்னால் வருகிறதோ அது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் 10, 11 வயதுக்குப் பிறகுதான் 145-ஐ எட்டுகிறார்கள். நாலாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு பூஸ்டர் வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

உயரத்தோடு முடிந்துவிடாது, உங்கள் காரிலேயே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் முதுகும் இடுப்பும் சாய்வில் ஒட்டியிருக்கும்போது முட்டி சீட்டின் விளிம்பில் இயல்பாக மடங்குகிறதா, பாதம் தரையில் படுகிறதா, கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் கிடக்கிறதா, மேல்பட்டை கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில் போகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரை அதே மாதிரி உட்கார முடிகிறதா என்பது கடைசிக் கேள்வி. ஒன்றில் தவறினாலும் பூஸ்டர் இன்னும் வேண்டும். உங்கள் காரில் தேறிய பிள்ளை சித்தப்பா காரில் தேறாமல் போகலாம், ஏனென்றால் ஒவ்வொரு காரிலும் சீட்டின் ஆழமும் பெல்ட் இறங்கும் கோணமும் வேறு.

பூஸ்டரை விட்ட பிறகும் 13 வயது வரை பின் சீட்டுதான்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

ஆன்லைனில் "பேபி கார் சீட்" என்று தேடினால் துணியும் ஸ்பாஞ்சும் பட்டையும் வைத்துத் தைத்த மெத்தைகளும் வந்து நிற்கும். விலை மிகக் குறைவு. சோதிக்கப்பட்ட சீட் என்பதற்கு அடையாளம் அதில் ஒட்டியிருக்கும் ஒப்புதல் லேபிள். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், ஆர்44 (பழைய ஐரோப்பியத் தரம்) அல்லது ஆர்129 என்ற குறிப்பும், எத்தனை கிலோ அல்லது எத்தனை சென்டிமீட்டர் வரை என்பதும் அதில் இருக்கும். இந்தியத் தரம் என்றால் ஏஐஎஸ்-072. லேபிள் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அண்ணன் பிள்ளை பயன்படுத்திய பழைய சீட் என்றால் அது ஒரு விபத்தையும் பார்த்திருக்கக் கூடாது, காலாவதித் தேதியும் தாண்டியிருக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர் விற்பதை விட்டுவிடுங்கள், அது விபத்தில் சிக்கியதா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பூஸ்டரைத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டோடுதான் பயன்படுத்த வேண்டும். பழைய கார்களில் பின் சீட்டின் நடு இடத்துக்கு இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும், அங்கே வைக்காதீர்கள். கீழ்ப்பட்டையை பூஸ்டரின் இருபுற வளைவுகளுக்கு அடியில் விட்டு, கொக்கியை மாட்டி, மேல்பட்டையை மேலே இழுத்துத் தளர்வை எடுங்கள். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். பட்டுப்பாவாடையின் கொசுவம் மடியில் குவிந்துகொண்டு பட்டையை வயிற்றுக்கு ஏற்றிவிடும். துணியை ஒதுக்கி, கையை உள்ளே விட்டு, பட்டை தொடைமேல் தட்டையாகக் கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் நிறுத்திய காரில் கொக்கியின் உலோகம் தோலைச் சுட்டுவிடும். இறங்கும்போது அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். பிள்ளை இல்லாத நாளிலும் பூஸ்டரை பெல்ட்டால் மாட்டியே வையுங்கள், மோதலில் அது பறந்து வந்து முன்னால் இருப்பவரின் தலையில் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈசிஆரில், சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. அதுவும் இதே 194பி பிரிவின் கீழ்தான் வரும். பிரேக்கை அழுத்தி மிதித்தாலே போதும், மோதல்கூட வேண்டாம்.

கால் டாக்ஸியில் பூஸ்டர் இருக்காது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பிள்ளை 125 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் மணை வகை ஒன்றைக் கையில் எடுத்துப் போய்விடலாம், எடை குறைவுதான். சின்னப் பிள்ளை என்றால் பின் சீட்டில் தனி பெல்ட், தனி இடம். ஒரே பெல்ட்டுக்குள் அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்துப் பூட்டாதீர்கள். ஆட்டோவில் பெல்ட் கிடையாது, எனவே பூஸ்டருக்கும் வேலை கிடையாது. பள்ளி வேனில் சேர்ப்பதற்கு முன் பெல்ட் இருக்கிறதா, ஒரு இடத்தில் எத்தனை பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள் என்று ஏறிப் பார்த்துவிடுங்கள்.

இருசக்கர வாகனத்துக்குத் தனி விதி

சென்னையில் பெரும்பாலான குழந்தைகள் போவது ஸ்கூட்டரில், பைக்கில். அதற்கான விதியை மத்திய அரசு 2022 பிப்ரவரி 15 அன்று வெளியிட்டது, ஓராண்டு கழித்து 2023-ல் அமலுக்கு வந்தது. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பின்னால் ஏற்றிச் சென்றால் குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தப் பட்டை குழந்தை அணியும் சட்டை போன்றது, அதன் தோள் வளையங்களை ஓட்டுபவர் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ வரை தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஹெல்மெட் தலை அளவுக்குப் பொருந்த வேண்டும், குறிப்பிட்ட தரமுள்ள சைக்கிள் ஹெல்மெட்டையும் ஏற்கிறார்கள். 4 வயது தாண்டிவிட்டால் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம், சட்டத்தின் 129-வது பிரிவு அதைச் சொல்கிறது.

ஸ்கூட்டரின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் குழந்தையை நிற்க வைத்து ஓட்டும் பழக்கத்துக்கு இந்த விதியில் இடமே இல்லை. பட்டை வாங்கும்போது குழந்தையைக் கடைக்குக் கூட்டிப்போய், நீங்களும் மாட்டிக்கொண்டு, நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். அதன் கொக்கிகள் ஓட்டுபவரின் நெஞ்சுப் பக்கம் கைக்கு எட்டும்படி வந்தால்தான் அவசரத்தில் ஒரு கையால் விடுவிக்க முடியும்.