குமரிக்கு நேர் தெற்கே உள்ள நிலத்துக்குப் பெயர் வைத்தவர்கள் யார்?

கன்னியாகுமரி முனையில் நின்று கடலைப் பார்க்கும் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி, "அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?" என்பது. "கடல்தான்" என்று சொல்லிப் பெரியவர்கள் முடித்துவிடுகிறோம். அந்த விடை தவறில்லை. ஆனால் உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்து, கிழக்குத் தீர்க்கரேகை 77.5 பாகையை ஒட்டி நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், 5,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வெறும் நீரைக் கடந்த பிறகு அது ஆம்ஸ்டர்டாம் என்னும் சின்னஞ்சிறு பிரெஞ்சுத் தீவைத் தொடும். அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் சென்றால் அண்டார்க்டிகாவின் கரை வந்துவிடும். அந்த இடத்தில் பனி மூடாத பாறைக் குன்றுகள் கிடக்கின்றன. அவற்றுக்கு வெஸ்ட்ஃபோல்டு குன்றுகள் என்று பெயர். அங்கிருந்து தென்மேற்கில் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், லார்ஸ்மன் குன்றுகளில், இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்கி வருகிறது.

மனிதர் எவரும் பிறந்து வளராத அந்தக் கரைக்கு இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? வெஸ்ட்ஃபோல்டு என்பது நார்வே நாட்டின் ஒரு மாவட்டம். 1935 பிப்ரவரியில் கிளாரியஸ் மிக்கெல்சன் என்ற நார்வேக் கப்பல் தலைவர் இந்தக் கரையைக் கண்டு, திமிங்கில வேட்டைக்குப் பேர்போன அந்த மாவட்டத்தின் பெயரைக் குன்றுகளுக்குச் சூட்டினார். அவரை அனுப்பிய கப்பல் முதலாளி லார்ஸ் கிறிஸ்டென்சனின் மனைவி இங்க்ரிட் பெயரால் இக்கரை இங்க்ரிட் கிறிஸ்டென்சன் கரை எனப்படுகிறது. கரைக்கு முன்னால் விரியும் பிரிட்ஸ் விரிகுடாவின் பெயர், திமிங்கில வேட்டைக்காரர்களின் காப்பீட்டுச் சங்கத்துக்கு மேலாளராக இருந்த ஒருவருடையது. மேற்கே உள்ள மேக் ராபர்ட்சன் நிலமோ, துருவ ஆய்வாளர் டக்ளஸ் மாசனின் பயணத்துக்குப் பணம் கொடுத்த ஆஸ்திரேலிய மிட்டாய்த் தொழிலதிபரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆக, குமரிக்கு நேர் தெற்கே உள்ள நிலத்தின் பெயர்ப் பட்டியலைப் படிப்பது, 1930களில் அந்தக் கடலில் யாருடைய பணம் மிதந்தது என்று படிப்பதற்குச் சமம்.

இதை எங்கள் கரையோரத்து வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவர்கள் கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். மீன் கூடும் பார் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பாரை மறுநாளும் கண்டடைய அவர்கள் கையாண்ட முறைக்குக் கணிச்சம் என்று பெயர். கரையில் தெரியும் ஒரு கோபுரமும் அதன் பின்னால் உள்ள ஒரு மலைமுகடும் ஒரே நேர்கோட்டில் வரும்படி படகை நிறுத்த வேண்டும். அதே வேளையில் வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க வேண்டும். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே பார். திரும்பத் திரும்பப் போய்வருபவருக்குத்தான் அங்கே பெயர் தேவைப்பட்டது. ஆகவே பெயரும் இருப்பிடமும் ஒன்றாகவே பிறந்தன. துருவப் பகுதிகளில் இவை இரண்டும் பிரிந்து கிடந்தன. ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தவர் பெயரை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயர் எந்த மலைக்கு உரியது என்பதைப் பின்னால் வந்தவர்கள் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடல்தான் துருவ வரைபடக் கலையின் வரலாறு என்று நான் கருதுகிறேன்.

சில வேளைகளில் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. 1906இல் வடதுருவப் பயணத்தின்போது ராபர்ட் பியரி, ஆர்க்டிக் கடலுக்கு அப்பால் ஒரு நிலத்தைக் கண்டதாகக் கூறி, தமக்குப் பொருளுதவி செய்த வங்கியாளரின் பெயரால் அதைக் குரோக்கர் நிலம் என்றார். அதைத் தேடி 1913இல் புறப்பட்ட மெக்மிலன் குழுவினர் உறைந்த கடல்மீது பல நாள் நடந்து போனார்கள். அவர்கள் கண்முன்னே மலைகளும் பள்ளத்தாக்குகளும் தோன்றின. நெருங்க நெருங்க அவை விலகிப்போய், பொழுது சாய்ந்ததும் மறைந்தன. பனியை ஒட்டிய குளிர்ந்த காற்றடுக்கின் மேல் வெதுவெதுப்பான அடுக்கு படியும்போது ஒளி வளைந்து, தொலைவிலுள்ள பனிக்கடலின் உருவத்தைத் தூக்கி நிறுத்திக் காட்டுகிறது. பியரி கண்டதும் இத்தகைய கானல் தோற்றமா, அல்லது அவர் பின்னால் சேர்த்து எழுதியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நிலமே இல்லாத இடத்துக்குப் பெயர் மட்டும் இருந்தது.

உண்மையில் இருக்கும் நிலத்தையும் சரியான இடத்தில் வரைவது எளிதன்று. 1938-39இல் ஜெர்மானியக் குழு ஒன்று, கப்பலிலிருந்து விமானங்களை ஏவி, அண்டார்க்டிகாவின் குவீன் மாட் நிலத்தின் மேல் பறந்து 11,000க்கும் மேற்பட்ட நிழற்படங்களை எடுத்தது. படங்கள் தெளிவானவை. ஆனால் அவற்றில் தெரியும் ஒரு மலையின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தரையில் இறங்கி அளந்தவர் எவரும் இல்லை. கரையில் உள்ள கோபுரம் எது என்று தெரியாமல் கணிச்சம் பார்ப்பதைப் போன்ற நிலை அது. அந்தப் படங்களிலிருந்து வரைந்த மலைகள் உண்மையான இடத்திலிருந்து விலகி நின்றன; பிந்தைய பயணக் குழுக்கள் தரையில் அளந்த பிறகே அவை சரியான இடத்துக்கு வந்தன. அந்தக் குழுவின் விமானி ஷிர்மாக்கரின் பெயரைத் தாங்கிய பாலைச் சோலையில்தான், 1989 முதல் நம் மைத்ரி நிலையம் நிற்கிறது. 1946-47இல் அமெரிக்கக் கடற்படை எடுத்த ஏறத்தாழ 70,000 படங்களுக்கும் இதே குறை இருந்தது. தரையில் துல்லியமாக அளந்த சில புள்ளிகள், அவற்றோடு பொருத்திய வான்படங்கள் என இரண்டும் சேர்ந்தால்தான் வரைபடம் பிறக்கிறது. நில அளவையாளர் லாம்டன் தொடங்கிய இந்தியப் பெரும் முக்கோண அளவீட்டின் தென்முனை கன்னியாகுமரிக்கு அருகில் அமைந்தது. அங்கே கோணமானியைக் கொண்டு செய்ததும் இந்தத் தரை அளவீடுதான்.

ஓர் இடத்தைத் தவறாக அறிந்திருப்பதால் வரலாறே மாறிவிடுவதும் உண்டு. மிக்கெல்சனின் மனைவி கரோலின், 1935 பிப்ரவரி 20 அன்று கரையிறங்கி, அண்டார்க்டிக நிலப்பரப்பில் கால்பதித்த முதல் பெண் என்று பல பத்தாண்டுகள் போற்றப்பட்டார். பிற்காலத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பழைய குறிப்புகளையும், அன்று கட்டிய கற்குவியலையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த இடம் நிலப்பரப்பு அன்று, கரைக்கு அப்பால் உள்ள டிரைன் தீவுகளில் ஒன்று என்ற முடிவுக்கு வந்தார்கள். இப்போது அந்தப் பெருமை, 1937இல் நிலப்பரப்பில் இறங்கிய இங்க்ரிட் கிறிஸ்டென்சனுக்கு உரியதாகக் கருதப்படுகிறது.

செயற்கைக்கோள்கள் வந்த பின் வேலை விரைவானது. ஆனால் துருவம் அவற்றுக்கும் முழுமையாகப் பிடிபடவில்லை. லேண்ட்சாட் வகைக் கோள்களின் சுற்றுப்பாதை சரியாகத் துருவத்தின் மேல் செல்வதில்லை என்பதால், அவற்றின் படங்களை ஒட்டித் தொகுத்தால் தென்துருவத்தைச் சுற்றி ஒரு வட்ட ஓட்டை மிஞ்சும். அதோடு பல மாத இருளும் மேகமும் உண்டு. ரேடார் அலைகளுக்கு இவை தடையல்ல. 1997இல் கனடாவின் ரேடார்சாட் கோளைத் தெற்கு நோக்கித் திருப்பிவைத்து, 18 நாட்களில் கண்டம் முழுவதையும் முதன்முறையாக ரேடாரால் படம் பிடித்தார்கள். விமானத்திலிருந்து கீழ்நோக்கி அனுப்பும் வானொலி அலைகள் பனியை ஊடுருவிப் பாறையில் பட்டுத் திரும்புவதால், பனிக்கு அடியில் உள்ள மலைகளும் ஏரிகளும்கூட வரைபடத்தில் ஏறுகின்றன. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் பனிக்குக் கீழே கிடக்கும் வோஸ்டாக் ஏரி அவற்றில் ஒன்று. பாரையும் யாரும் கண்ணால் கண்டதில்லை. அதற்கும் பெயர் உண்டு.

இனி, பெயரை ஏற்பது யார்? 1959இல் கையெழுத்தான அண்டார்க்டிக உடன்படிக்கை, நிலத்துக்கு உரிமை கோரிய 7 நாடுகளின் கோரிக்கைகளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அப்படியே நிறுத்திவைத்தது. இந்தியா 1983இல் அதில் சேர்ந்தது. சொந்தக்காரர் இல்லாத நிலத்துக்கு ஒற்றைப் பெயர்ப் பதிவாளரும் இருக்க முடியாது. எனவே ஒவ்வொரு நாடும் தனக்கெனக் குழு வைத்திருக்கிறது. பிரிட்டனின் குழு 1945இல் தொடங்கியது. இங்கே ஒரு பெயரை முன்மொழிபவர், அந்த நில உருவம் எங்கே உள்ளது, எப்படிப்பட்டது, அதற்குப் பெயர் ஏன் தேவை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அமெரிக்கக் குழு நில உருவங்களை அளவுக்கேற்ப மூன்று தரமாகப் பிரித்து, பெரும் மலைத்தொடருக்குப் பெரும் பங்களிப்பு செய்தவரின் பெயரையும், சிறு பாறைக்கு ஒரு பருவம் உழைத்தவரின் பெயரையும் ஒதுக்குகிறது. விற்பனைப் பொருள்களின் பெயர்களுக்கும் சறுக்குவண்டி நாய்களின் பெயர்களுக்கும் அங்கே இடமில்லை. பிரிட்டன் குழுவாகப் பெயரிடுவதை விரும்பியது: அலெக்சாண்டர் தீவில் பேத்தோவன், மொசார்ட், பாக் என இசையமைப்பாளர்கள், பிரபாண்ட் தீவில் லிஸ்டர், கோக் என மருத்துவ முன்னோடிகள். ஒரு பெயரைக் கேட்டதும் பகுதியை ஊகிக்க இது உதவும் என்பதால் இது எனக்கு நல்ல ஏற்பாடாகவே படுகிறது.

பல குழுக்கள் இருந்தால் பல பெயர்களும் இருக்கும். தென்னமெரிக்காவை நோக்கி நீளும் தீபகற்பத்தைப் பிரிட்டன் கிரஹாம் நிலம் என்றும், அமெரிக்கா பால்மர் தீபகற்பம் என்றும், அர்ஜென்டினா சான் மார்ட்டின் நிலம் என்றும், சிலி ஓ'ஹிக்கின்ஸ் நிலம் என்றும் அழைத்து வந்தன. 1964இல் பிரிட்டனும் அமெரிக்காவும், முழுப் பகுதிக்கும் அண்டார்க்டிகத் தீபகற்பம் என்ற பெயரையும், வடபாதிக்குக் கிரஹாம், தென்பாதிக்குப் பால்மர் என்ற பெயர்களையும் ஏற்றுக்கொண்டன. லார்ஸ்மன் குன்றுகளிலும் இதே நிலைதான். நார்வேக்காரர்கள் வான்படத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் எளிமையானவை: ஸ்டோர்னெஸ் என்றால் பெரிய முனை, புரோக்னெஸ் என்றால் உடைந்த முனை. அந்தப் புரோக்னெஸைச் சீன ஆய்வாளர்கள் மிரர் தீபகற்பம் என்று எழுதுகிறார்கள். இந்தியா, சீனா, ரஷ்யா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் ஆட்கள் ஒரே குன்றுத் தொகுதியில் பணிபுரியும்போது, பனிப்புயலில் சிக்கியவரை மீட்கப் போகும் ஹெலிகாப்டருக்கு ஒரே இடத்தை இரண்டு பெயர்களால் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அண்டார்க்டிக ஆய்வுக்கான அறிவியல் குழு 1998இல் வெளியிட்ட கூட்டுப் பெயர்த்தொகுதி இதற்குத்தான் உதவுகிறது. அது எந்தப் பெயரையும் சரியென்றோ தவறென்றோ தீர்ப்பதில்லை. ஒவ்வோர் உருவத்துக்கும் ஆயத்தொலைவுகளைக் கொடுத்து, 22 நாடுகள் அனுப்பிய பெயர்களை அதன்கீழ் அடுக்குகிறது. ஏறத்தாழ 19,000 உருவங்களுக்கு அதில் 37,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

வடதுருவத்தின் கதை வேறு. அங்கே மக்கள் வாழ்ந்தார்கள்; பெயர்கள் ஏற்கனவே இருந்தன. அப்பகுதியின் பூர்வகுடிகளான இனுவிட் மக்களின் மொழியில் இகலுயிட் என்றால் மீன் மிகுந்த இடம். கனடாவில் அப்பெயர் கொண்ட ஊர் நெடுங்காலம் ஓர் ஆங்கிலேய மாலுமியின் பெயரால் ஃபிராபிஷர் பே என்று வழங்கி, 1987இல் தன் பெயரை மீட்டுக்கொண்டது. அங்கேயே கேப் டோர்செட் என்ற ஊர் 2020இல் கிங்ஙாய்ட் ஆயிற்று. கிழக்குக் கிரீன்லாந்தில் 1880களில் குனிட் என்பவர், கரையின் ஒவ்வொரு வளைவையும் மரத்துண்டில் செதுக்கிக் கொடுத்தார். முனைகளும் தீவுகளும் விரலால் தடவி அறியும்படி அதில் உள்ளன. இனுவிட் மூத்தோரின் நினைவிலிருந்த பெயர்களை இன்று ஊர் ஊராகச் சென்று வரைபடத்தில் ஏற்றுகிறார்கள். ஜிபிஎஸ் கருவியின் எண்களுக்குள் நம் பார்களின் பெயர்கள் கரைந்துபோவதற்கு முன், குமரிக் கரையிலும் இதைச் செய்தாக வேண்டும் என்பது என் ஆசை.

இத்தனைக்கும் பிறகு, பனி நகர்கிறது என்ற சிக்கல் மிஞ்சுகிறது. தென்துருவத்தில் பனி ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்வதால், துருவப் புள்ளியைக் காட்டும் கம்பத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று புதிதாக நடுகிறார்கள். மிதக்கும் பனித்தட்டின் மேல் அமைந்த நம் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி, சில ஆண்டுகளிலேயே பனியில் புதையத் தொடங்கிக் கைவிடப்பட்டது. இதனால் உடைந்து மிதக்கும் பனிப்பாறைகளுக்கு ஆட்பெயர் வைப்பதில்லை. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலை நான்காகப் பிரித்து, பாறை எந்தக் கால்பகுதியில் முதலில் காணப்பட்டதோ அதற்குரிய எழுத்தையும் ஒரு வரிசை எண்ணையும் அமெரிக்கப் பனி மையம் கொடுக்கிறது. குமரியின் தீர்க்கரேகை விழுவது டி பகுதியில்.

பாரதி நிலையத்துக்கு மேற்கே உள்ள ஏமரி பனித்தட்டில், ஆடும் பல்லைப் போல் தொங்கிய ஒரு துண்டு எப்போது விழும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். 2019 செப்டம்பரில் அந்தப் பல் விழவில்லை. அதன் பக்கத்துத் துண்டு விழுந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,636 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு 1,672 சதுர கிலோமீட்டர். விளவங்கோடு முதல் தோவாளை வரை ஒரே துண்டாகப் பெயர்ந்து கடலில் மிதந்தால் எவ்வளவு இருக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அதற்குக் கிடைத்த பெயர் டி-28. இத்தகைய பாறை உடையும்போது துண்டுகளின் பெயர்களோடு ஏ, பி, சி என எழுத்துகள் சேரும். நீளமும் பரப்பும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்த துண்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்.