சேலியன்ஸ்னா 'முக்கியத்துவம்' இல்லைங்க, எடுப்பு

குழந்தை வளர்ப்பு பத்தி வர்ற மொழிபெயர்ப்புல எல்லாம் 'விஷுவல் சேலியன்ஸ'ங்கறத 'காட்சி முக்கியத்துவம்'னே போட்டுட்டிருக்காங்க, படிக்கப் படிக்க எரிச்சலா வருது.

லத்தீன்ல 'சலிரே'ன்னா குதிக்கறது, அதுலருந்து வந்த சொல். சுத்தி இருக்கறதுல ஒண்ணு மட்டும் துள்ளிக்கிட்டு வந்து கண்ணுல படறது, அவ்ளோதான்.

இதுல முக்கியம் எங்கருந்து வந்துச்சு? 1963ல வெளிவந்த ஆராய்ச்சியில ராபர்ட் ஃபான்ட்ஸ்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர், பொறந்து 5 நாள்கூட ஆகாத குழந்தைங்களுக்கு சில படத்தக் காட்டினாரு, வெறும் வெள்ளை, மஞ்ச, சிவப்ப விட முகம், வட்டத்துக்குள்ள வட்டம், நியூஸ்பேப்பர் துண்டு இதையெல்லாம்தான் அதிக நேரம் பாத்துச்சுங்க. பச்சப்புள்ளைக்கு நியூஸ்பேப்பர்ல என்னங்க முக்கியத்துவம்? கருப்பும் வெளுப்பும் அடிச்சுக்காட்டுது, பாக்குது. ஒரு மாசக் குழந்தை அம்மா முகத்தப் பாத்தாலும் கண்ணப் பாக்கறது கம்மி, முடியும் நெத்தியும் சேர்ற ஓரத்தையே பாத்துட்டிருக்கும், அங்கதான் வித்தியாசம் ஜாஸ்தி. ரெண்டு மாசம் வாக்குலதான் பார்வை உள்ள கண்ணுக்கு வரும். அந்த வயசுல ஒண்ணு மேல பார்வை ஒட்டிக்கிச்சுன்னா பிரிச்சு எடுக்கறதே அதுக்குக் கஷ்டம், அதுக்காக சீலிங் ஃபேன் அம்மாவ விட முக்கியம்னு எழுதிருவீங்களா?

இன்னும் சிலர் 'முனைப்பு'ன்னு எழுதறாங்க. முனைப்பு பாக்கறவங்களோட குணம், நமக்கு வேண்டியது பொருளோட குணம், தலைகீழா நிக்குது. 'கவர்ச்சி'யும் சரிப்படாது, சினிமாக்காரங்க அதுக்கு வேற வாசனை ஏத்தி வச்சுட்டாங்க.

புடவைக் கடையில தெனம் பேசற சொல்லு இருக்கே, 'பார்டர் எடுப்பா இருக்கு'. எடுப்பான பல்லுன்னா முன்னால வந்து நிக்கற பல்லு, அந்த லத்தீன் குதியும் இதுல இருக்கு. அதைவிட, அதே பார்டர ஒட்டின கலர் புடவையில போட்டா 'எடுக்கல'ன்னுதான் சொல்லுவோம், அதாவது எடுப்பு பொருள்ல மட்டும் இல்ல, பின்னாடி என்ன இருக்குங்கறதுலயும் இருக்கு. சேலியன்ஸும் அச்சா அதேதான். இசையில பல்லவிக்கு எடுப்புன்னு பேரு இருக்கே, குழப்பாதான்னு கேக்கறாங்க. குழந்தையோட பார்வை பத்திப் படிக்கறவங்களுக்கு பல்லவி ஞாபகம் எதுக்கு வரப்போகுது?

இம்பார்ட்டன்ஸ், சிக்னிஃபிகன்ஸ், ப்ராமினன்ஸ், இப்போ சேலியன்ஸ், எது வந்தாலும் முக்கியத்துவம்னு அடிச்சுட்டுப் போனா மொழிபெயர்ப்பாளர் எதுக்கு? 1985ல கோக், உல்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பார்வை பத்தி எழுதின 'சேலியன்சி மேப்'பக்கூட 'முக்கியத்துவ வரைபடம்'னு போட்டா, படிக்கறவங்க ஏதோ முக்கியமான ஊருங்கள குறிச்ச மேப்புன்னுதான் நெனைப்பாங்க. எடுப்பு வரைபடம்னு போடுங்க, படத்துல எந்தெந்த இடம் எவ்ளோ எடுத்துத் தெரியுதுன்னு காட்டறதுன்னு சொல்லாமலே புரியும்.