என் பையில் எப்போதும் ஒரு இன்ச் டேப்

சென்னையில் நடந்து போகிறவர்களுக்காகவும் சைக்கிளில் போகிறவர்களுக்காகவும் குடியிருப்போர் சங்கங்களோடு சேர்ந்து 18 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வந்த புதிதில் எனக்கு ஜனங்கள் மேல்தான் கோபம். பிளாட்பாரம் இருக்கும்போது ஏன் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள்?

ஒரு நாள் மயிலாப்பூரில் ஒரு பாட்டி, கையில் காய்கறிப் பையோடு, பஸ் உரசிப் போகும் தூரத்தில் நடந்து வந்தார். "மேலே ஏறி நடக்கலாமே பாட்டி?" என்று கேட்டேன். "ஏறினா அடுத்த வீட்டு கேட்டுல இறங்கணும். இறங்கினா மறுபடி ஏறணும். என் முட்டி தாங்குமாம்மா?" என்றார்.

அன்று மாலையே இன்ச் டேப்போடு அந்தத் தெருவுக்குப் போனேன். பிளாட்பாரத்தின் உயரம் 34 சென்டிமீட்டர். வீட்டு மாடிப்படி ஒன்று பெரும்பாலும் 15 முதல் 18 சென்டிமீட்டர்தான் இருக்கும். பாட்டி ஒவ்வொரு முறையும் இரண்டு படியை ஒரே எட்டில் ஏற வேண்டும். 100 மீட்டருக்குள் அப்படி ஒன்பது இடங்கள்.

சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. மரம், மின்பெட்டி எல்லாம் போக, நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து போகத் தேவையான அகலம் அது.

அப்படியானால் நம் தெருக்களில் ஏன் இந்த உயரம்? பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான் பிளாட்பாரம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ரோடு உயர்கிறது. அடுத்து வடிகால் கட்டும்போது அதுவும் உயர்கிறது. இப்படியே தெரு வளர, வீட்டு வாசல் பள்ளமாகிவிடுகிறது. சுரண்டிவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

பைக் ஏறாமல் இருக்கத்தான் உயரமாகக் கட்டுகிறோம் என்றும் சொல்வார்கள். கேட்டுக்காகச் சரித்து விட்ட இடத்தில் பைக் சுலபமாக ஏறிவிடுகிறது, ஏற முடியாமல் நிற்பது பாட்டிதான். பிளாட்பாரம் கேட்டைத் தாண்டியும் அதே மட்டத்தில் போக வேண்டும். கார் ஏறி இறங்கட்டும். 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதையில் குழந்தைகள் கையை விட்டுவிட்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அகலமும் சமமட்டமும் இருந்தால் ஜனங்களை மேலே ஏறச் சொல்ல யாருமே தேவையில்லை.

சைக்கிள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சைக்கிள் பாதை என்றதும் காலையில் ஹெல்மெட்டோடு போகிறவர்களைத்தான் நினைக்கிறோம். நான் அதிகம் பேசியது இரவு டியூட்டி முடித்துத் திரும்பும் வாட்ச்மேன்களோடும், டீ கேன் கட்டிப் போகிறவர்களோடும், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடும். அவர்கள் முதலில் கேட்பது தனிப் பாதை இல்லை. மழைநீர் போகும் இரும்புக் கம்பிகளைச் சக்கரம் போகும் திசையிலேயே பதிக்கிறார்கள், இடுக்கில் டயர் மாட்டி ஆள் விழுகிறார். கம்பியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் போதும். எங்கள் பகுதியில் ஐந்து இடங்களில் மாற்ற வைத்தோம்.

தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை 2012-ல் தொடுத்தவர் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். விபத்தில் சிதைந்து வருகிறவர்களைத் தினம் பார்த்தவர் அவர்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? "நடைபாதை சரியில்லை" என்று மட்டும் மனு எழுதாதீர்கள். அப்படி எழுதிய என் மனுக்கள் எல்லாம் கோப்பிலேயே தூங்கின. டேப்பை வைத்துப் படம் எடுங்கள். கதவு எண், உயரம், அகலம் மூன்றையும் எழுதுங்கள். சென்னையில் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைத்து, உங்கள் புகாரின் பதிவு எண்ணை வாங்கி, அதையும் மனுவில் சேருங்கள். அப்புறம் வார்டு கவுன்சிலரை அந்த இடத்துக்கே கூப்பிட்டு நடக்கச் சொல்லுங்கள். தள்ளுவண்டிக்காரர்களை அப்புறப்படுத்தச் சொல்லி எழுத வேண்டாம். அவர்களுக்கும் 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி இடம் உண்டு. அவர்கள் இருக்கும் தெருவில்தான் பெண்கள் இரவிலும் தைரியமாக நடக்கிறார்கள்.

பாட்டியின் தெருவில் மொத்தம் 22 கேட். இதுவரை 14 இடங்களில் பிளாட்பாரம் சமமாகிவிட்டது. மீதி எட்டையும் வரும் திங்கட்கிழமை அளக்கப் போகிறோம்.