ஃபிரேம்வொர்க்: கட்டமைப்பா, சட்டகமா?

புதுச்சேரியில் கணினிப் பயிற்சி விளம்பரங்கள் தமிழில் வந்தால் ‘பேக்எண்ட் வெப் ஃபிரேம்வொர்க்’ என்பதற்கு ‘பின்முனை வலைக் கட்டமைப்பு’ என்று ஒரு வரி எப்படியோ நுழைந்துவிடுகிறது. லாஸ்பேட்டையில் அப்படியொரு வகுப்பில் சேரப் போன தம்பி, “சர்வர், கேபிள் எல்லாம் மாட்டச் சொல்லித் தருவாங்களாண்ணா?” என்று என்னிடம் கேட்டான். அவன்மேல் தப்பே இல்லை.

ஃபிரேம்வொர்க் ஆங்கிலத்தில் முதலில் மரத்தாலோ இரும்பாலோ ஆன தாங்கு சட்டத்தைக் குறித்தது. அப்புறம் நிரலாக்கத்துக்குள் வந்து, செயலி எழுதுவதற்கு முன்கூட்டியே தயாராக இருக்கும் நிரல் கூட்டைக் குறித்தது. வரலாறு இது போதும்.

‘கட்டமைப்பு’க்கு வருவோம். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது நாசமானது மின் கட்டமைப்பு. சாலையும் பாலமும் உள்கட்டமைப்பு. கட்சிக்கும் கட்டமைப்பு உண்டு, வாக்கியத்துக்கும் உண்டு. நிரலாக்கத்திலேயே ஸ்ட்ரக்சர், ஆர்க்கிடெக்சர் இரண்டுக்கும் இதைத்தான் போடுகிறார்கள். ‘இந்தக் கட்டமைப்பின் கட்டமைப்பு மூன்றடுக்குக் கட்டமைப்பு’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, அர்த்தமும் இல்லை.

ஃபிரேம்வொர்க்கின் தனித்தன்மையே வேறு. நிரல் நூலகம் (லைப்ரரி) என்கிற தயார்நிலை நிரல் தொகுப்பை நம் நிரல் கூப்பிடும்; ஃபிரேம்வொர்க்கோ நம் நிரலைக் கூப்பிடும். 2005இல் வெளிவந்த ஜாங்கோ என்ற பைத்தான் மொழி வலை ஃபிரேம்வொர்க்கையே பாருங்கள். உலாவியிலிருந்து கோரிக்கை வந்ததும் அது முகவரிப் பட்டியலைப் பார்த்து, பொருந்துகிற நம் செயற்கூறை (ஃபங்ஷனை) அழைத்து, அது தரும் பதிலை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. தெருக்களை முன்பே நேர்கோடாக வகுத்துவிட்ட புதுச்சேரி வெள்ளை நகரத்தில் மனை வாங்குவது மாதிரி: வீடு நம்முடையது, வாசல் எந்தப் பக்கம் என்பது தெருவின் முடிவு. முதல் வாரம் படிப்பவர்கள் ‘இந்தச் செயற்கூறை யார் அழைக்கிறார்கள்?’ என்று திணறுவது இங்கேதான்.

அதனால்தான் சட்டகம் என்கிறேன். தச்சரிடம் சட்டம் என்றால் ஜன்னல் சட்டம், நீதிமன்றத்தில் விதி. தாங்குவது, கட்டுப்படுத்துவது என இரண்டு பொருளும் இங்கே வேண்டியிருக்கிறது. ‘அகம்’ சேர்வதால் வக்கீல் சமாச்சாரம் என்ற குழப்பமும் வராது. புதிதாக உருட்டிய சொல்லும் அல்ல. பழைய அகராதிகளில் சட்டகத்துக்கு உடல், படுக்கை என்ற பொருள்கள் உண்டு. கட்டில் சட்டம் நினைவுக்கு வந்தால் சரி.

‘பின்முனை’ இன்னொரு கொடுமை. எண்ட் என்பதை அகராதியில் பார்த்து முனை என்று ஒட்டிவிட்டார்கள். எதன் முனை? ஊசியா, தெருவா? பயனர் கண்ணில் படாமல் பின்னால் நின்று வேலை செய்வது பின்தளம். ஆக, பின்தள வலைச் சட்டகம்.

இப்படி மொழிபெயர்ப்பவர்கள் ஒரு செயலியையாவது ஓட்டிப் பார்த்திருப்பார்களா என்பது என் சந்தேகம். ஜாங்கோவின் ‘வியூ’வையும் ‘காட்சி’ ஆக்கிவிட்டார்கள். அதில் வியூ என்பது பதிலைத் தயாரிக்கும் செயற்கூறு. திரையில் தெரியும் தோற்றத்தைப் பார்த்துக்கொள்வது டெம்ப்ளேட். நல்ல சொல் கிடைக்கும்வரை அதை வியூ என்றே எழுதித் தொலைக்கலாம்.