மெட்ராய்ட்வேனியாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

விடுமுறைக்கு மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த அண்ணன் மகன், மடிக்கணினியில் ‘ஹாலோ நைட்’ என்ற வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். “இது மெட்ராய்ட்வேனியா வகை ஆட்டம். இதுக்குத் தமிழ்ல என்ன பேரு சித்தப்பா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு ஆட்டங்களின் பெயர்களை வெட்டி ஒட்டிய சொல் இது. இரண்டும் 1986இல் ஜப்பானில் வெளிவந்தவை. நிண்டெண்டோவின் ‘மெட்ராய்ட்’ ஒன்று, கொனாமியின் ‘காசில்வேனியா’ மற்றொன்று. மெட்ராய்ட் என்பதே ஓர் ஒட்டுச்சொல்தான். நிலத்தடி ரயிலைக் குறிக்கும் ‘மெட்ரோ’வும் மனித உருவ இயந்திரத்தைக் குறிக்கும் ‘ஆண்ட்ராய்ட்’டும் சேர்ந்து பிறந்தது. காசில்வேனியாவில் இருப்பவை ‘காசில்’ என்ற கோட்டையும் டிராகுலா கதையால் பெயர்பெற்ற, ருமேனியாவிலுள்ள டிரான்சில்வேனியா பகுதியும். டிரான்சில்வேனியா என்றால் இலத்தீனில் ‘காட்டுக்கு அப்பால் உள்ள இடம்’. டிரான்ஸ் என்பது அப்பால், சில்வா என்பது காடு.

இப்போது மெட்ராய்ட்வேனியாவைப் பாருங்கள். கோட்டை முழுதாகப் போய்விட்டது. காட்டிலும் கடைசித் துணுக்கு மட்டும் நிற்கிறது. அந்த இரண்டு ஆட்டங்களையும் அறியாத ஒருவருக்கு இந்தச் சொல் எதையும் சொல்லாது. ஜப்பானில் காசில்வேனியாவின் பெயரே வேறு. ‘பேய்க்கோட்டை டிராகுலா’ என்று பொருள்படும் பெயர் அது. அதனால் இந்த ஆட்ட வகையை அங்கே ‘தேடல் ஆக்‌ஷன்’ என்ற பொருளில் சொல்கிறார்கள். ஒலியைக் கடன் வாங்காமல் பொருளைப் பிடித்திருக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம் என்று எனக்கு நம்பிக்கை தந்தது இதுதான்.

முதல் காசில்வேனியா கட்டம் கட்டமாக நகரும் ஆட்டம். ஒன்றை முடித்தால் அடுத்தது, பின்னால் திரும்ப வேண்டாம். 1997இல் வந்த ‘சிம்பொனி ஆஃப் தி நைட்’ அதை மாற்றியது. முழுக் கோட்டையும் ஒரே வரைபடமாகி, போன இடத்துக்கே திரும்பி வரலாம் என்றானது. மெட்ராய்ட் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். எனவே ‘மெட்ராய்டைப் போன்ற காசில்வேனியா’ என்ற பொருளில் புழங்கத் தொடங்கிய சொல், அப்புறம் வகை முழுவதற்கும் பெயராகிவிட்டது.

அந்த வகையின் உயிர் எது? எங்கள் குமரி மாவட்டத்தில் அதை விளக்கப் பனைமரம் போதும். தளைநார் இல்லாமல் பனைக்குக் கீழே நிற்பவனுக்கு அது ஒரு சுவர். தளைநாரைக் காலில் மாட்டி ஏறப் பழகியவனுக்கு அதே பனை ஒரு வழி. மரம் மாறவில்லை, ஆள் மாறியிருக்கிறான். ஹாலோ நைட்டில் ‘மேண்டிஸ் கிளா’ கிடைக்கும்வரை செங்குத்துச் சுவரெல்லாம் தடை. கிடைத்த பிறகு அதே சுவரைப் பற்றித் தாவி மேலே போகலாம். அதுவரை கடந்துவந்த இடங்களெல்லாம் மனதுக்குள் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். ‘அங்கே மேலே ஒரு பொந்து பார்த்தோமே’ என்று திரும்பி ஓடுவோம். இந்தத் திரும்பி ஓடுதல்தான் இந்த வகை.

தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, போனவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். குனிந்து நுழையும் வாசல், செங்குத்தான மரப்படி, ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குத் திரும்பும் இடைவழி, பூட்டிக் கிடக்கும் கதவு. சாரோட்டுக் கொட்டாரம் வரை சுரங்கப்பாதை உண்டு என்ற பேச்சு வேறு. சிறுவயதில் அந்தப் பூட்டிய கதவுகளுக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

ஹாலோ நைட்டை 2017இல் வெளியிட்டது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு. அதை எல்லாரும் ‘சவாலான ஆட்டம்’ என்கிறார்கள். இந்தச் ‘சவால்’ உருது வழியாக வந்த அரபுச் சொல். அங்கே அதற்குக் கேள்வி என்று பொருள். தமிழில் அறைகூவல் என்போம். ஆனால் இந்த ஆட்டத்துக்குக் ‘கேள்வி’ என்ற மூலப்பொருளே சரியாகப் பொருந்துகிறது. வழியை மறிக்கும் பெரிய எதிரியைப் ‘பாஸ்’ என்பார்கள். ஒவ்வொரு பாஸும் ஒரு கேள்வி. எப்போது அடிப்பாய், எப்போது விலகுவாய், காயம் ஆற்ற ஒரு நொடி நிற்கத் துணிவாயா? தொடக்கத்தில் ஐந்து முகமூடிகள்தான் உயிர். செத்தால் கையிலிருந்த காசு செத்த இடத்திலேயே ஒரு நிழலிடம் தங்கிவிடும். திரும்பிப் போய் அந்த நிழலை வெல்ல வேண்டும். அதற்குள் மறுபடி செத்தால் அந்தக் காசு போனதுதான்.

அண்ணன் மகனின் கூட்டுக்காரன் ஒருவனுக்கு இது பிடிக்கவில்லை. “போன வழியே திரும்பத் திரும்ப வாறது போர்” என்றான். புதிய பகுதிக்குள் வரைபடம் இல்லாமல் நுழைவதும், நாம் நிற்கும் இடம் தெரிய ஒரு திசைகாட்டியைத் தனியே வாங்க வேண்டியிருப்பதும் அவனுக்கு எரிச்சல். அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. பாஸிடம் தோற்று, செத்தபின் மறுபடி எழும் இடமான பெஞ்சிலிருந்து அதே வழியை ஏழெட்டு முறை நடப்பது எனக்கும் அலுப்புத்தான். வரைபட விஷயத்தில் மட்டும் நான் ஆட்டத்தின் கட்சி. எங்கோ ஒரு முனகல் பாட்டு கேட்கும், தரையில் தாள்கள் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பிடித்துப் போனால் வரைபடம் விற்கும் கார்னிஃபர் உட்கார்ந்திருப்பார். அந்த நிம்மதியை எந்த அம்புக்குறியும் தராது. 2025 செப்டம்பரில் இதன் தொடர்ச்சியாக வந்த ‘சில்க்சாங்’ இன்னும் கடினம். பல எதிரிகளின் ஓர் அடிக்கே இரண்டு முகமூடிகள் போகின்றன. அந்த மாதமே தொடக்கப் பகுதியைக் கொஞ்சம் இலகுவாக்கித் திருத்தம் விட்டார்கள். அது தேவைதான் என்பது என் எண்ணம்.

சரி, தமிழ்ப் பெயர். ஹாலோ நைட் மேடை விட்டு மேடை தாவும் ‘பிளாட்ஃபார்ம்’ ஆட்டமும்கூட, அதனால் அந்தச் சொல்லை முதலில் பார்ப்போம். ‘பிளாட்ஃபார்ம்’ என்பதை நடைமேடை என்று பெயர்த்தால் நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். பிரெஞ்சு மூலத்தில் அதன் பொருள் ‘தட்டையான வடிவம்’. நம்மிடம் ‘தட்டு’ இருக்கிறது. எங்கள் பக்கம் வீட்டு மாடியையே தட்டு என்போம். தட்டு விட்டுத் தட்டு தாவும் ஆட்டத்தைத் ‘தட்டுத்தாவல்’ எனலாம்.

மெட்ராய்ட்வேனியாவுக்கு நான் சொல்வது ‘மீள்தேடல்’. மீள்தல் என்றால் திரும்பி வருதல். அதன் பிறவினையான மீட்டல், இழந்ததைத் திரும்பப் பெறுதல். புதிய திறனோடு பழைய சுவருக்குத் திரும்புவதும், நிழலிடமிருந்து காசை மீட்பதும் ஒரே வேரில் அடங்கிவிடுகின்றன. மீள்குடியேற்றம், மீள்திறன் என்று ஏற்கெனவே புழங்குவதால் வாய்க்கும் புதிதில்லை. ‘மறுபடியும் தேடுவது’ என்றுதானே கேட்கும் என்று யாராவது சொல்லலாம். ஆமாம், இந்த ஆட்டத்தில் செய்வது அதுதானே! இரண்டையும் சேர்த்து ‘இருபரிமாணத் தட்டுத்தாவல் மீள்தேடல்’ என்றால் நீளம். பேச்சுக்கு ‘மீள்தேடல் ஆட்டம்’ போதும். பாஸ், பாஸாகவே இருக்கட்டும். அந்த இரண்டெழுத்துக்கு ஈடாக எதுவும் எனக்கு இன்னும் அமையவில்லை.