நடுக்கமும் மறதியும்: முதலில் மாத்திரைப் பையைப் பார்ப்போம்

அம்பாசமுத்திரம், நாங்குநேரி, தென்காசிப் பக்கங்களிலிருந்து கை நடுக்கத்துக்கும் மறதிக்கும் பாளையங்கோட்டைக்கு வரும் முதியவர்களிடம், புதிய மருந்து எழுதும் முன், அவர்கள் ஏற்கெனவே விழுங்கிவரும் மாத்திரைகள் அனைத்தையும் நான் கேட்டு வாங்கிப் பார்ப்பது வழக்கம். நரம்பியல் மருத்துவராக நான் கண்டவரை, முதுமையின் நோய் என்று குடும்பம் எண்ணியிருந்த தொல்லைக்கான காரணம் பல வேளைகளில் அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது. ஏன் அப்படி என்பது புரிய, ஏற்பிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்லின் மேற்சவ்வில் பதிந்து, வெளியிலிருந்து வரும் வேதிச் செய்தியை உள்ளே கடத்தும் புரதமே ஏற்பி. இவற்றுள் மிகப் பெரிய குடும்பமான ஜி-புரத இணைப்பு ஏற்பிகள் இயங்கும் விதத்தைத் தெளிவாக்கியதற்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். இன்று புழக்கத்திலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு குடும்பத்தின் மீதே வேலை செய்கிறது. அதனால்தான் வயிற்றுக்கென்று தரும் மருந்து மூளையிலும் கைவைக்க முடிகிறது.

பார்க்கின்சன் நோய் எனும் நடுக்குவாதத்தில், நடுமூளையில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்னும் வேதிச் செய்தியைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கன்னடியன் கால்வாய்ப் பாசனம் அறிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது: கால்வாயில் தண்ணீர் குறைந்தாலும் வயல் காயும், தண்ணீர் நிறைய இருந்து மடை அடைபட்டாலும் காயும். நோயில் குறைவது டோபமைன் என்னும் தண்ணீர். லெவோடோபா மூளைக்குள் டோபமைனாக மாறி அந்தக் குறையை ஈடுசெய்கிறது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை டோபமைன் இல்லாமலே ஏற்பியைத் தாமே தூண்டுகின்றன. ஆனால் வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் ஃப்ளூனரிசின், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு ஒரே மாத்திரையாகச் சேர்ந்துவரும் லெவோசல்பிரைடு ஆகியவை டோபமைனின் டி2 ஏற்பி என்னும் மடையை அடைத்துவிடுகின்றன. நடை தளர்ந்து, முகம் உணர்ச்சியற்று, கை நடுங்கி, பார்ப்பதற்கு அப்படியே நடுக்குவாதமாகவே தோன்றும். ஏற்பியே அடைபட்டிருக்கும்போது லெவோடோபாவைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரும்பாலும் பயனில்லை. "அத்தைக்குக் கிறுகிறுப்புக்குன்னு எழுதிக் குடுத்தாவ, நல்லாக் கேக்குதேன்னு நாங்களே கடையில வாங்கிக் குடுத்துக்கிட்டிருக்கோம்" என்று மருமகள்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சில நாளுக்கென்று எழுதிய மருந்து ஆண்டுக்கணக்கில் தொடர்வதே இங்கு நிகழும் தீங்கு. தொல்லைக்குக் காரணமான மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சிலரிடம் மட்டும், உள்ளே மறைந்திருந்த உண்மையான நோய் அப்போது வெளிப்படும்.

மறதிநோயிலும் இதே கதைதான். அல்சைமர் நோயில், நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்னும் வேதிச் செய்தி குறைவதால், அதைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் ஆகியவற்றைத் தருகிறோம், குளூட்டமேட் என்னும் இன்னொரு வேதிச் செய்தியின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அளவோடு தடுக்கும் மெமன்டைன் நோய் முற்றியவர்களுக்கு உதவுகிறது. இவை அறிகுறியைத் தணிப்பவை. நோயை நிறுத்துபவை அல்ல. டோனெபெசிலால் சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போகும். அதற்கென்று இன்னொருவர் ஆக்சிபியூட்டினின் எழுதினால், அது அசிட்டைல்கோலினின் ஏற்பியையே அடைத்து, முதல் மருந்தின் பலனைக் கெடுத்துவிடும். சளிக்கான குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கு முன்பெல்லாம் தாராளமாக எழுதப்பட்ட டிரைஹெக்சிஃபெனிடில் ஆகியவையும் இதையே செய்கின்றன. முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

புதிய ஏற்பிகளைக் குறிவைக்கும் ஆய்வுகள் நடந்துகொண்டே இருக்கின்றன. அடினோசின் என்னும் வேதிச் செய்தியின் ஏ2ஏ ஏற்பியைத் தடுக்கும் இஸ்ட்ராடெஃபிலின் 2013-இல் ஜப்பானிலும் 2019-இல் அமெரிக்காவிலும் நடுக்குவாதத்துக்குத் துணைமருந்தாக ஒப்புதல் பெற்றது. ஜி.எல்.பி.-1 என்னும் ஏற்பியைத் தூண்டும் சர்க்கரை நோய் ஊசி மூளையையும் காக்குமா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அவ்வகையைச் சேர்ந்த லிக்சிசெனடைடு 2024-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வொன்றில் சிறிய நன்மை காட்டியது. எக்செனடைடோ 2025-இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தரவில்லை. ஆகவே நடுக்குவாதத்துக்கென்று அந்த ஊசியை இப்போது நான் எழுதுவதில்லை, எழுதச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் இதையே விளக்குகிறேன்.

நடுக்கத்துக்கென்று உண்ணும் பூனைக்காலி விதைப் பொடியை மறைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. மறைக்கத் தேவையில்லை. அவ்விதையில் லெவோடோபாவே இருக்கிறது. பொதிகை மலைக் காணி மக்கள் அவ்விதையைப் பலமுறை வேகவைத்து, நீரை வடித்த பிறகே உண்கிறார்கள். பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறுவதால், மாத்திரையோடு அதையும் சேர்த்து உண்டால் அளவு மிகுந்து குமட்டலும், கைகால்கள் தாமாக நெளிவதும், இல்லாத உருவங்கள் தெரிவதும் நேரலாம். கண்ணுக்கான சொட்டுமருந்து முதல் சூரணம் வரை எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றல் மாத்திரையை நிறுத்துவதுபோல் லெவோடோபாவை நிறுத்த முடியாது. அது திடீரென நின்றால் கடுங்காய்ச்சலும் உடல் இறுக்கமும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அறுவைச் சிகிச்சைக்காகச் சேரும்போதும் அதன் வேளைகள் தவறக் கூடாது என்று அங்குள்ள மருத்துவரிடமும் செவிலியரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாந்தி வந்தால் மெட்டோகுளோப்ரமைடு ஊசி வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.