பால் கேட்காத தேநீர்

சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில் கீமுன் என்றொரு கறுப்புத் தேயிலை தயாராகிறது. அதன் மேல் வெந்நீர் ஊற்றினால் முதலில் மெல்லிய ரோஜா வாசனை எழும். பூவோ எசென்ஸோ எதுவும் சேர்ப்பதில்லை. ரோஜா எண்ணெயில் உள்ள ஜெரானியால் என்ற சேர்மம் இந்த இலையிலும் நிறைய இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பச்சை இலையை முகர்ந்தால் அந்த மணம் வராது. அதில் ஜெரானியால் சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து கிடக்கிறது, பிணைந்திருக்கும்வரை ஆவியாகாது. பறித்த இலையை மணிக்கணக்கில் வாட்டிப் பிறகு உருட்டும்போது செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்திருந்த நொதிகள் இலைச்சாற்றில் கலக்கின்றன. ஒரு நொதி சர்க்கரையைக் கத்தரித்துவிட, மணம் விடுபடுகிறது. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் இன்னொன்று, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு இலையிலுள்ள கேட்டசின்கள் என்னும் நிறமற்ற துவர்ப்புப் பொருள்களை மாற்றுகிறது. அவற்றிலிருந்து தேநீருக்குப் பளிச்சென்ற ஆரஞ்சும் சுறுசுறுப்பான துவர்ப்பும் தரும் தியாஃப்ளேவின்களும், செம்பழுப்பு நிறம் தரும் தியாரூபிஜின்களும் உருவாகின்றன. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே வகை நொதியின் வேலைதான். கடைசியில் சூடான காற்றில் உலர்த்தியதும் நொதிகள் அடங்கிவிடும்.

நம் டீக்கடைத் தூளும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது. ஆனால் சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துத் துணுக்குகளாக்குவதால் சாறெல்லாம் சட்டென்று இறங்குகிறது. அந்தக் கடுப்பைப் பாலிலுள்ள கேசின் புரதம் பற்றிக்கொண்டு தணிக்கிறது. கீமுன் போன்ற முழு இலைத் தேயிலையில் அந்த அளவு கடுப்பு இல்லை. அதில் பால் ஊற்றினால் நுட்பமான மணம் மங்கிப்போகும், வேறு பயன் கிடையாது.

சீனக் கறுப்புத் தேயிலையின் சுவை ஊருக்கு ஊர் மாறும். ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையில் உள்ள தோங்மு கிராமத்தின் லாப்சாங் சூச்சோங் தேயிலையை, பைன் விறகுப் புகையில் உலர்த்துவது பழைய வழக்கம். துளிர்மொட்டுகளை மட்டுமே கொண்டு செய்யும் ஜின் ஜுன் மெய்யும் 2005இல் அதே கிராமத்தில் பிறந்ததுதான். யுன்னானின் தியென்ஹோங் பெரிய இலை வகையிலிருந்து வருகிறது. அதன் மொட்டுகளை மூடிய நுண்முடிகள், உருட்டும்போது கசியும் சாறு பட்டுப் பொன்னிறமாகின்றன. தினமும் குடிக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தியென்ஹோங்கைத்தான் சொல்வேன்: திடமான சுவை, பதம் கொஞ்சம் தப்பினாலும் பொறுத்துக்கொள்ளும்.

போடுவதும் எளிது. 150 மி.லி. வெந்நீருக்கு 3 கிராம் இலை. கொதி அடங்கிய, சுமார் 90 டிகிரி வெந்நீரில் 2 முதல் 3 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். இலையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். அல்லது சீனர்களின் கோங்ஃபூ முறையில் 100 மி.லி. நீருக்கு 5 கிராம் போட்டு, 10, 15 விநாடிகளில் வடித்து, அதே இலையில் மறுபடி மறுபடி நீர் ஊற்றலாம். முதல் ஊற்றுகளில் மணமும் கஃபீனும் வேகமாக இறங்கும். போகப்போக மணம் குறைந்து, இனிப்பை ஒத்த மென்மை தெரியும். ஒரே இலையை இப்படிப் படிப்படியாக ருசிப்பதில்தான் இந்தத் தேநீரின் முழு இன்பமும் இருக்கிறது.

கோப்பையில் மிஞ்சியது ஆறியதும் கலங்கினால் கொட்டிவிட வேண்டாம். தியாஃப்ளேவின்களும் கஃபீனும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால் வரும் கலங்கல் அது. சாறு செறிந்த தியென்ஹோங்கில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மறுபடி சூடாக்கினால் தெளிந்துவிடும்.